பெருவழியும் சிறுகுழியும்

நுழையும் முன்

வணிகர் நடந்த வழிகள் இன்று சுற்றுலா வழிகளாகியுள்ளன. கழுதையும் ஒட்டகமும் சுமை தாங்கிச் சென்ற தடங்களில் இப்போது சொகுசுத் தொடர்வண்டிகள் ஓடுகின்றன. ஒரு பழைய வழியைக் காண்பது என்பது அதன் மாடமாளிகைகளைக் காண்பதா, அதில் நடந்தவர்களைக் காண்பதா? ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவரின் நான்கு நாள் பயணம் இவ்வினாவுக்கு விடை தேடுகிறது.

பரிசாக வந்த பயணம்

சென்னை கே.கே. நகரில், வீட்டுவசதி வாரியம் கட்டிய குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில் அந்த ஆசிரியை வாழ்ந்துவந்தார். முப்பத்தோர் ஆண்டுகள் அரசு மேனிலைப் பள்ளிகளில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் மறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகள் செருமனியில் பணிபுரிந்தாள். காலையில் சிவன் பூங்காவில் நடை, பிற்பகலில் படிப்பு, இரவு ஒன்பது மணிக்கு மகளின் காணொலி அழைப்பு என அவருடைய நாள்கள் ஒரே ஒழுங்கில் கழிந்தன.

அவருக்கு அறுபத்தைந்து வயது நிறைந்த நாளில் கூரியரில் ஓர் உறை வந்தது. உள்ளே வழவழப்பான தாளில் அச்சிட்ட சிறுநூல் ஒன்று இருந்தது. சீனத்தின் சீயான் நகரில் தொடங்கி, துன்குவாங், காஷ்கர், சமர்கண்டு வழியாகப் புகாராவில் முடியும் இருபத்திரண்டு நாள் பயணம் அதில் விவரிக்கப்பட்டிருந்தது. தனித் தொடர்வண்டியில் தனியறை; பட்டு விரித்த படுக்கை; பாலைவனத்தில் விண்மீன்களின் கீழே இரவு விருந்து; ஒவ்வொரு நகரிலும் வழிகாட்டி. நூலோடு மகள் எழுதிய அட்டை ஒன்றும் இணைந்திருந்தது. 'கரும்பலகையில் நீங்கள் வரைந்து காட்டிய வழியை நேரில் பாருங்கள், அம்மா. முன்பணம் கட்டிவிட்டேன். மீதியைச் சனவரியில் கட்டினால் போதும்.'

ஆசிரியையின் கண்கள் கலங்கின. ஆண்டுதோறும் ஆசிய நிலப்படத்தின் குறுக்கே அவர் ஒரு கோடு வரைந்ததுண்டு. சீனத்திலிருந்து நடுநிலக்கடல் வரை நீளும் அக்கோட்டுக்குப் 'பட்டுப்பாதை' என்று பெயர் எழுதுவார். அப்பெயர் பழமையானதன்று, செருமானிய நிலவியல் அறிஞர் ரிக்டோஃபென் 1877-ஆம் ஆண்டு அதனைப் பரவச் செய்தார் என்பதையும், அது ஒரே பாதையன்று, பல பாதைகள் பின்னிய வலை என்பதையும் தவறாமல் கூறுவார்.

ஒருமுறை மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், இந்தக் கோட்டில் போனவர்கள் இன்னும் எவ்வளவு தொலைவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டிலிருந்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டாள். பாடநூலில் அதற்கு விடையில்லை. ஆசிரியையிடமும் அன்று விடையில்லை. அம்மாணவியின் முகம் மறந்துபோயிற்று, வினா மறக்கவில்லை.

சிறுநூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அரசர்கள் இருந்தார்கள், நீலக் குவிமாடங்கள் இருந்தன, உணவு வகைகள் இருந்தன. நடந்தவர்கள் மட்டும் இல்லை.

வந்து சேராத மடல்

அன்றிரவு அழைப்பில் மகளுக்கு நன்றி கூறியபின், அவர் ஒரு செய்தியைச் சொன்னார். துன்குவாங்கிற்கு மேற்கே பாழடைந்த காவற்கோபுரம் ஒன்றில், 1907-ஆம் ஆண்டு ஆரல் ஸ்டைன் என்னும் ஆய்வாளர் பழைய மடல்கள் சிலவற்றைக் கண்டெடுத்தார். அவை சோக்தியானா நாட்டு வணிகர் மொழியில் எழுதப்பட்டவை, பொ.ஆ. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் இரண்டு, மிவ்னாய் என்னும் பெண் எழுதியவை. வணிகனாகிய கணவன் அவளையும் மகளையும் துன்குவாங்கில் விட்டுச் சென்றான், திரும்பவில்லை. பொருளின்றி, ஊர் திரும்ப வழியின்றி அவள் தவித்தாள். ஒரு மடலைக் கணவனுக்குச் சினத்தோடு எழுதினாள். மற்றொன்றைத் தன் தாய்க்கு எழுதினாள். அவ்வஞ்சற்பை உரியவர்களிடம் சேரவேயில்லை. பதினாறு நூற்றாண்டுகள் கோபுரத்தின் இடிபாட்டில் கிடந்தது.

"பட்டுப்பாதை என்றால் பட்டு மட்டும் இல்லையம்மா" என்றார் ஆசிரியை. "அந்தப் பெண்ணும்தான். நம் பாலைத்திணைப் பாட்டெல்லாம் வேறென்ன சொல்கிறது? பொருள் தேடப் பிரிந்தவனையும், வழி பார்த்திருப்பவளையும்தானே?" சற்றே நிறுத்திக் கேட்டார்: "இந்தப் பயணத்தில் நீயும் வருகிறாயா?"

"எனக்கு அவ்வளவு நாள் விடுப்பு கிடைக்காது, அம்மா. உங்களுக்காகத்தான் ஏற்பாடு செய்தேன்."

"அப்படியென்றால் திசம்பரில் நீ வரும்போது எனக்கு நான்கு நாள் கொடு. நம் ஊர் வணிகவழி ஒன்றில் உன்னை அழைத்துப் போகிறேன். மீதிப் பணத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்."

மகளின் முகம் வாடியது திரையில் தெளிவாகத் தெரிந்தது. "பரிசு பிடிக்கவில்லையா?" என்று கேட்டாள். பிடித்திருக்கிறது என்று தாய் சொன்னார். மகள் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

வலையின் தென்முனை

பட்டுப்பாதை எனும் வலையின் கண்ணிகள் மலைகளோடும் பாலைகளோடும் நின்றுவிடவில்லை; கடல்வழியே தமிழகத்தையும் தொட்டன. கிழக்கே காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து உறையூர், கரூர், கொடுமணல் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்கே முசிறித் துறை வரை ஒரு வழி சென்றது. முசிறியிலிருந்து மரக்கலங்கள் செங்கடலுக்குச் சென்றன. கீழைக்கடலிலோ தமிழ் வணிகரின் தடங்கள் சீனம் வரை நீள்கின்றன. தாய்லாந்தின் குளோங் தோம் என்னுமிடத்தில் கிடைத்த பொற்கொல்லர் உரைகல் ஒன்றில், 'பெரும்பதன்' என்பவருக்கு உரிய கல் அது எனத் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. சீனத்தின் குவன்சௌ துறைமுக நகரில், 1281-ஆம் ஆண்டு சிவன் கோயில் ஒன்றைப் பற்றித் தமிழில் வெட்டிய கல்வெட்டு கிடைத்துள்ளது. சீயானுக்குப் பறந்து சென்று காணவேண்டிய வழியின் ஒரு கிளை, கோயம்பேட்டில் பேருந்து ஏறினால் எட்டும் தொலைவில் இருந்தது.

திசம்பரில் மகள் வந்தாள். இருவரும் வாடகை மகிழுந்து ஒன்றில் புறப்பட்டனர். முதலில் தருமபுரிக்குச் செல்லவேண்டும் என்றார் தாய். அது முசிறி வழியில் இல்லையே என்றாள் மகள். "வழியைப் பார்ப்பதற்கு முன்னால் வழி சொன்னவனைப் பார்க்க வேண்டும்" என்பதே தாயின் விடை.

குழிகள் பேசிய கணக்கு

தருமபுரி வட்டாரத்தில் 'அதியமான் பெருவழி' எனப் பெயர் பொறித்த தொலைவுக்கற்கள் கிடைத்துள்ளன. அவை பொ.ஆ. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்றைய நெடுஞ்சாலை ஓரத்துக் கிலோமீட்டர் கற்களுக்கு அவை முன்னோடிகள். நாவற்தாவளம் என்னும் ஊருக்கு இன்னும் எத்தனை காதம் உள்ளது என்பதை அவை கூறுகின்றன. தாவளம் என்பது வணிகர் தங்கிப் பண்டம் மாற்றும் இடம். ஒரு கல் 27 காதம் என்கிறது. மற்றொன்று 29 காதம் என்கிறது.

அகழ்வைப்பகத்தில் அக்கல்லின்முன் மகள் நெடுநேரம் நின்றாள். எழுத்துக்குக் கீழே வரிசையாகக் குழிகள் இருந்தன. இரண்டு பெரியவை, ஒன்பது சிறியவை.

"இது என்ன, அம்மா?"

"எண்ணிப் பார்."

பெரிய குழி ஒன்றுக்குப் பத்து. சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. மகள் விரலைக் கல்லில் படாமல் காற்றில் நகர்த்தி எண்ணினாள். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு... இருபத்தொன்பதில் விரல் நின்றது.

"எழுதத்தான் எழுதியிருக்கிறதே. பிறகு எதற்குக் குழி?"

"படிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்து. தெரியாதவனுக்குக் குழி. மூட்டை சுமப்பவன், கழுதை ஓட்டுபவன், வண்டிக்காரன் இவர்களுக்கும் இன்னும் எவ்வளவு நடக்கவேண்டும் என்று தெரியவேண்டாமா? இருட்டிவிட்டால் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாமே."

முப்பது ஆண்டுகளுக்குமுன் வகுப்பறையில் கேட்கப்பட்ட வினாவின் முதற்பாதிக்கு அக்கல் விடை கூறியது. அதைச் செதுக்கியவரின் பெயர் அதில் இல்லை. தமக்குப்பின் அவ்வழியே வரப்போகும், தாம் என்றும் காணப்போகாத ஒரு மனிதரின் களைப்பை எண்ணி அவர் உளியைப் பிடித்திருக்கிறார். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழியும் நீரும் சோறும் கிடைக்கும் இடங்களைச் சொல்லி அனுப்பும் ஆற்றுப்படை மரபும் இத்தகையதே. தான் நடந்ததை, நடக்கவிருப்பவனுக்குச் சொல்வதே தமிழர் கண்ட வழிகாட்டல்.

மழையில் மேலெழும் மணி

மறுநாள் சேலம், கரூர் வழியாகச் சென்றனர். அமராவதி ஆற்றுப்படுகை உரோமானியக் காசுகளைத் தந்த ஊர் கரூர். அங்கிருந்து நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலை அடைந்தனர். பதிற்றுப்பத்துக் குறிப்பிடும் கொடுமணம் இதுவே என அறிஞர் கருதுவர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-ஆம் ஆண்டு முதல் இங்கு அகழாய்வு நிகழ்த்தியது. இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த தொழிற்கூடங்களின் எச்சங்களும், ஆட்பெயர்கள் கீறிய பானையோடுகளும் வெளிப்பட்டன. இங்கு மணியாக மாறிய கற்களுள் பச்சைநிறப் பெரில் அருகிலுள்ள படியூரில் கிடைத்தது. செந்நிறச் சூதுபவளம் குசராத்திலிருந்து வந்தது. நீலநிற லாபிஸ் லசூலி ஆப்கானித்தான மலைகளிலிருந்து வந்தது என்பர். பட்டுப்பாதையின் நடுவழியிலிருந்து நொய்யற்கரை வரை ஒரு கல், எத்தனையோ கைகள் மாறி வந்து சேர்ந்திருக்கிறது.

இத்தனையும் நூலில் படித்திருந்த மகளுக்கு அவ்விடம் ஏமாற்றமளித்தது. அகழ்ந்த குழிகள் மூடப்பட்டிருந்தன. சோளத்தட்டை காய்ந்த வயல், சில பனைமரங்கள், மேயும் ஆடுகள். மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி இவர்களைக் கண்டு அருகில் வந்தார்.

"மழ பேஞ்சா மண்ணுல மணி மேல வருமுங்க. சின்னப் புள்ளையில நாங்க பொறுக்கிக் கோத்து வெளையாடுவோமுங்க" என்றார்.

சற்று நேரத்தில் மகளின் காலடியிலேயே செந்நிற மணி ஒன்று தென்பட்டது. மிளகைவிடச் சற்றே பெரியது. நடுவில் மயிரிழை நுழையும் துளை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பெரில், சூதுபவளம் போன்ற கடுங்கற்களில் இப்படித் துளையிட ஒருவர் எத்தனை நாள் குனிந்து அமர்ந்திருக்கவேண்டும்! மணி யாருடைய கழுத்தையோ அழகுசெய்யச் சென்றது. துளையிட்டவரின் கண்ணும் முதுகும் இங்கேயே தேய்ந்தன.

"எடுத்துக்கொள்ளட்டுமா, அம்மா?"

"அது கிடந்த இடத்தில் கிடந்தால்தான் ஆய்வாளருக்கு ஏதேனும் சொல்லும். உன் பெட்டிக்குள் போனால் வெறும் கல்."

மகள் மணியை இருந்த இடத்திலேயே வைத்தாள். பின்பு சிறிது தொலைவு நடந்து, திரும்பி ஒருமுறை பார்த்தாள்.

கீழே நின்றவர்

மூன்றாம் நாள் கோயம்புத்தூரை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில், குன்றொன்றின் பாறைமீது வெட்டப்பட்ட 'இராசகேசரிப் பெருவழி'க் கல்வெட்டைத் தேடிச் சென்றனர். சோழன் முதலாம் ஆதித்தன் காலத்தது எனக் கருதப்படும் அக்கல்வெட்டு, தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. கணவாயின் இருபுறத்தாரும் படிக்கவேண்டும் என்ற எண்ணமாக இருக்கலாம் என்றார் ஆசிரியை. தருமபுரியில் எழுத்தும் குழியும். இங்கு இருவகை எழுத்து. வழி அமைத்தவர்கள் வழிப்போக்கர் எல்லாரும் ஒருவரே என்று எண்ணவில்லை.

முழங்கால் வலியால் தாய் பாறைக்கு ஏறவில்லை. மகள் மட்டும் சென்றாள். புதர்களுக்கிடையே அவள் தலை மறைந்தது. கால்மணி நேரம் ஆயிற்று, அரைமணி ஆயிற்று. கைப்பேசியில் அழைத்தால் தொடர்பு கிடைக்கவில்லை. வெயிலில் கையை நெற்றிக்குக் குடையாக்கிக்கொண்டு ஆசிரியை நின்றார். வகுப்பறை வினாவின் இரண்டாம் பாதி அப்போது அவர் நினைவுக்கு வந்தது. போனவர் எங்கே இருக்கிறார் என்று வீட்டிலிருந்தவர்க்கு எப்படித் தெரிந்தது? தெரியவில்லை, அதுதான் விடை. நாள் எண்ணிக் காத்திருந்தனர், அவ்வளவே.

மகள் இறங்கி வந்தபோது தாய் எதுவும் சொல்லவில்லை. நீர்க்குப்பியை நீட்டினார். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். "நான் ஒவ்வொரு முறை விமான நிலையத்தில் உள்ளே போனபிறகும் இப்படித்தான் நிற்பீர்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மிளகும் கடனும்

முப்பது கிலோமீட்டர் அளவுக்கு மலைத்தொடர் விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயில் மகிழுந்து விரைந்தது. இரண்டு மணி நேரத்தில் கடந்துவிட்ட தொலைவைக் கழுதைச் சாத்துகள் எத்தனை நாளில் கடந்திருக்கும் என்று மகள் கணக்கிட்டாள். மிளகுப் பொதி சுமந்த கழுதைகளையும், சுங்கம் கொள்ளும் காவலர் நின்ற பெருவழியையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுவதைத் தாய் எடுத்துரைத்தார்.

நான்காம் நாள் கொடுங்கல்லூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்னும் சிற்றூரை அடைந்தனர். பழைய முசிறி இதுவாகலாம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 2007-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் மதுச்சாடித் துண்டுகளும், செங்கல் கட்டுமானமும், மரத்தோணியும் இங்கே கிடைத்தன. முசிறிக்குச் சென்று மீளும் வணிகத்திற்காக எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரசுத் தாளில் வியன்னா நகரில் உள்ளது. பொ.ஆ. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, ஹெர்மபோலான் என்னும் கப்பல் ஏற்றிவந்த கங்கைக்கரை நறுமணப் பொருளையும் தந்தத்தையும் கணக்கிடுகிறது. அச்சரக்கின் மதிப்பு பல இலட்சம் உரோமானிய நாணயங்கள். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சிக்கொள்கிறது என உரோம அறிஞர் பிளினி குறைபட்டதும் இவ்வணிகத்தைப் பற்றியே.

எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில் இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. செங்கடலின் மற்றொரு துறையான குசேர் அல்-காதிமில் கிடைத்த பானையோடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கண்ணன், சாதன் என்னும் பெயர்கள் உள்ளன. ஒப்பந்தத்தில் கடன்பட்டவரின் பொறுப்புகள் விரிவாக உள்ளன. கண்ணனும் சாதனும் ஊர் திரும்பினார்களா என்பதை எந்த ஆவணமும் கூறவில்லை.

காயலோரம் அமர்ந்து இருவரும் தேநீர் அருந்தினர். மகள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"அந்தப் பயணத்தை விட்டுவிடலாமா, அம்மா?"

"ஏன் விடவேண்டும்? எனக்குத் துன்குவாங்கைப் பார்க்க ஆசைதான். அந்தக் காவற்கோபுரம் இருந்த திசையையாவது பார்க்கவேண்டும். என் முழங்காலுக்குப் பட்டுமெத்தையும் வேண்டியதுதான். நடப்பவனுக்கு இளைப்பாற இடம் கொடுப்பது குற்றமா? தாவளமும் சத்திரமும் அதற்குத்தானே கட்டினார்கள்?" என்று சிரித்தார் தாய். பிறகு சிரிப்பு அடங்கியது. "தனியாகப் போனால் பார்த்ததை இரவு ஒன்பது மணிக்குத் திரையில்தான் உன்னிடம் சொல்லவேண்டும். அதைத்தான் நான் நாள்தோறும் செய்கிறேனே."

மகள் பேசவில்லை. கைப்பேசியை எடுத்துச் சுற்றுலா ஏற்பாட்டாளருக்கு ஏதோ எழுதினாள். நாட்காட்டியைத் திறந்தாள், விடுப்பு நாள்களைக் கூட்டினாள், கழித்தாள். பயணத்தைச் செப்டம்பருக்குத் தள்ளி, இருவருக்காக மாற்றக் கேட்டிருப்பதாகச் சொன்னாள். இருபத்திரண்டு நாளுக்குப் பதில் பன்னிரண்டு நாள். புகாரா வரை இல்லை, துன்குவாங், காஷ்கர் மட்டும். தனியறை இல்லை, இருவருக்கும் ஓரறை.

"போதும்" என்றார் தாய்.

ஒன்பது வட்டங்கள்

விடுப்பு முடிந்து மகள் புறப்பட்டாள். விமான நிலையத்தில் அவள் உள்ளே சென்றபின், கண்ணாடிக்கு அப்பால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். முன்பெல்லாம் அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

கே.கே. நகர் வீட்டுக்கு மீண்ட ஆசிரியை, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் சிறுசிறு வட்டங்கள் வரைந்தார். செப்டம்பருக்கு இன்னும் ஒன்பது மாதங்கள், ஒன்பது வட்டங்கள். மாதம் ஒன்று முடியும்போது ஒரு வட்டத்தை அடித்துவிடலாம்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் மறுநாள் அதைக் கண்டு, "இதென்ன டீச்சரம்மா?" என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"நீயே எண்ணிச் சொல்" என்றார் ஆசிரியை.

அவர் விரல் வைத்து எண்ணினார். "ஒம்போது. பாப்பா வர இன்னும் ஒம்போது மாசமா?"

எழுத்தின்றியே வழியின் தொலைவு அவருக்கும் விளங்கிவிட்டது.